பச்சைப் பொட்டும் சிவப்புப் பொட்டும்

வாசலிலேயே ஆளுக்கு ஆறு பொட்டுத் தந்தார்கள். மூன்று பச்சை, மூன்று சிவப்பு. ஒட்டுகிற பொட்டு. உள்ளே மண்டபச் சுவரோரமாகப் பெரிய மட்டைகளில் வீதியின் படம் நிறுத்தியிருந்தது. பிடித்த இடத்தில் பச்சையை ஒட்டலாம், பிடிக்காத இடத்தில் சிவப்பை. மக்களிடம் கருத்துக் கேட்கிற கூட்டமாம். மச்சான் தன்னுடைய மூன்று சிவப்பையும் சைக்கிள் லேனின் தலைமாட்டில் வரிசையாகக் குத்திவிட்டு, என்னுடையதையும் தரச்சொல்லிக் கையை நீட்டினார்.

"நான் இன்னும் யோசிக்கேல்லை" என்றேன்.

"அப்ப ஏன் வந்தனீர்?"

அவரைக் கொண்டுவந்து விடத்தான் வந்தேன். காரில். நிறுத்த இடம் கிடைக்காமல் மூன்று தரம் சுற்றி.

மச்சான் என்றால் மனைவியின் தமையன். ரொறொன்ரோவில் புளோர் வீதியின் மேற்குப் பக்கம், எற்றோபிக்கோவில், பதினெட்டு வருஷமாகக் கடை வைத்திருக்கிறார். பால், பாண், சிகரெட், லொத்தர், பிறந்தநாள் மட்டை, கண்ணாடிப் பெட்டிக்குள் காய்ந்துபோன பற்றிஸ். 2023இல் அந்தப் பக்கத்து வீதியைக் கிண்டத் தொடங்கி, காருக்கு இருந்த பாதையில் ஒன்றை எடுத்து, சைக்கிளுக்குக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவருக்குப் பால் விலை ஏறினாலும் லேன், சிகரெட் வாங்குகிறவன் குறைந்தாலும் லேன். ஒருநாள் முழங்கால் வலிக்கும் அதையே சொன்னார். வீதியைக் கடக்க இப்போது கூடத் தூரம் நடக்கவேண்டியிருக்காம்.

இத்தனைக்கும் இந்த மனிசன், தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில், கொடிகாமத்திலிருந்து யாழ்ப்பாணம் மட்டும் சைக்கிள் கரியரில் தேங்காய் மூட்டை கட்டி மிதித்தவர். அந்த நாளில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் என்பது ஒரு வதந்தி. கலியாணப் பொம்பிளை சைக்கிள் பாரில், வருத்தக்காரர் கரியரில். இரவில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். மச்சான்தான் சுற்றுவார். கை வலித்தால் செய்தி நின்றுவிடும். இதை ஞாபகப்படுத்தினால் அவருக்குக் கோபம் வரும். "அது வேற வழியில்லாமல் ஓடினது" என்பார். அதுவும் உண்மைதான்.

புளோர் லேனுக்குப் பெரிய சரித்திரமே இருக்கிறது. 2016 ஆகஸ்டில் நகரத்தின் நடுவில், ஷோ வீதிக்கும் அவெனியூ வீதிக்கும் இடையில், பரீட்சார்த்தமாகத்தான் போட்டார்கள். அப்போதும் கடைக்காரர்கள் அழுதார்கள். எண்ணிப் பார்த்தபோது கடைக்கு வருகிற ஆட்களும் கூடியிருந்தார்கள், அவர்கள் விடுகிற காசும் கூடியிருந்தது. அதற்கும் முன்னால், 2009இல், அதே வீதியில், அனெக்ஸ் என்கிற பகுதியில் ஓர் ஆய்வு செய்தார்கள். கடைகளுக்கு வந்தவர்களில் காரில் வந்தவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான். கடைக்காரர்களோ தங்களிடம் வருகிறவர்களில் அதைவிட எவ்வளவோ பேர் காரில் வருவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். இதை நான் மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அது அனெக்ஸ். அங்க யூனிவர்சிற்றிப் பெடியள். இது எற்றோபிக்கோ. இஞ்ச ஒரு கிழவி பால் வாங்க வாறதெண்டாலும் காரிலதான் வருவா" என்றார்.

அதில் ஞாயம் இருக்கிறது. ஆனால் அவருடைய ஞாயத்தை அவரிடமிருந்து தூக்கிக்கொண்டு போய், 2024 நவம்பரில் மாகாண அரசு சட்டமாக்கியது. 212ஆம் இலக்கச் சட்டமூலம். பெயர் என்ன தெரியுமோ? நெரிசலைக் குறைத்து உங்கள் நேரத்தை மிச்சப்படுத்தும் சட்டம். சோப்புத்தூள் பெட்டியில் எழுதுகிற மாதிரி. புளோர், யங், யூனிவர்சிற்றி மூன்று வீதியிலும் லேனைக் கிளப்பப் போவதாகச் சொன்னார்கள். போட முடிந்த செலவு 27 மில்லியன் டொலர், கிளப்ப 48 மில்லியன் முடியும் என்று நகர அதிகாரிகள் கணக்குச் சொன்னார்கள். சைக்கிள்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2025 ஜூலை 30ஆம் திகதி நீதிபதி போல் ஷாபஸ், கிளப்பினால் நெரிசல் குறையும் என்பதற்கு ஆதாரம் இல்லை, ஆட்களின் உயிருக்குத்தான் ஆபத்து, இது உரிமைச் சாசனத்துக்கு விரோதம் என்று தீர்த்தார். அரசு மேன்முறையீட்டுக்குப் போனது. இவ்வளவும் சின்னக் கடைக்காரரின் பெயரையும் சொல்லித்தான். ஒரு சின்னக் கடைக்காரரை எனக்குத் தெரியும். அவர் கணக்குப் புத்தகத்தை ஒருவரும் வந்து திறந்து பார்க்கவில்லை.

கடைகள் அழிந்த கதை வேண்டுமென்றால் எக்ளின்டன் மேற்குக்குப் போகவேண்டும். லிட்டில் ஜமெய்க்கா என்பார்கள். முடிவெட்டும் கடைகள், ரெகே இசைத்தட்டுக் கடைகள். 2011இல் ரயில் பாதைக்கு நிலத்தைத் தோண்டத் தொடங்கினார்கள். 2020இல் ஓடும் என்றார்கள். 2025 முடிந்தபோதும் ஓடத் தொடங்கவில்லை. கடைவாசலை வேலி மறைத்தபடி வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்த அந்தச் சனம் ஒவ்வொன்றாகக் கதவைப் பூட்டிக்கொண்டு போனது. அங்கே எத்தனை சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தாலும் வேலி அசைந்திருக்காது.

நான் இருக்கிற ஸ்காபரோவில் இந்தச் சண்டைக்கே இடமில்லை. பார்மசி வீதியிலும் பேர்ச்மவுண்ட் வீதியிலும் போட்டிருந்த லேனை 2011இல் எடுத்தாயிற்று. பிறிம்லியில் 2020இல் போட்டுச் சில மாதங்களில் சுரண்டி எடுத்தார்கள். 2023 ஜூலையில் எங்கள் குட்டி ரயிலும் தண்டவாளத்தை விட்டு இறங்கி, இறங்கினதோடு சரி. நாங்கள் பஸ்ஸுக்கு நிற்கிறோம்.

எனக்கு எரிச்சல் லேனிலோ கடையிலோ இல்லை. இந்த ஊரில் கருத்து என்பது செட் சாப்பாடு ஆகிவிட்டதுதான் எரிச்சல். பருப்பு மட்டும் போதும் என்றால் விடமாட்டார்கள், தட்டு நிறையப் போட்டுத்தான் தருவார்கள். சைக்கிளுக்குப் பாதை வேண்டும் என்று வாயைத் திறந்தால், நான் காரையும் கடையையும் வெறுக்கிற டவுன்டவுன் ஆளாகிவிடுகிறேன். கடைக்காரர் பாவம் என்றால், அந்தக் கூட்டத்தில் எனக்குப் பக்கத்தில் நின்ற மனிதர் தோளைத் தட்டி, அடுத்த நிமிஷமே, தகுதியைப் பாராமல் நிறத்தைப் பார்த்து வேலை கொடுக்கிறார்கள் என்று தொடங்கினார். என்னுடைய நிறம் அவர் கண்ணுக்குப் படவில்லை. லேனுக்கும் வேலைக்கும் என்ன தொடுப்பு என்று கேட்க வந்தது. கேட்கவில்லை. பக்கத்தில் மச்சான் தலையாட்டிக்கொண்டு நின்றார்.

மச்சான் தலையாட்டினதுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில், ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதின ஆள் அவர், எழுபது எண்பது இடத்துக்கு விண்ணப்பம் போட்டவர். கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கோ என்ற ஒரே கேள்வி. இறங்கி ஒரு கிழமையான ஆளிடம் கனடா அனுபவம் கேட்டார்கள். கடைசியில் கோப்பை கழுவப் போனார். நானும் அதே கோப்பைதான் கழுவினேன், சிங்க் மட்டும் வேறு. வேலை விளம்பரத்தில் அந்தக் கேள்வியைப் போடக்கூடாது என்று ஒன்ராறியோவில் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2026 ஜனவரி முதலாம் திகதிதான். மச்சானுக்கு இனி ஓய்வூதியம்.

பெயரைப் பற்றியும் சொல்லவேண்டும். ரொறொன்ரோப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் பிலிப் ஒரியோபௌலோஸ் ஆயிரக்கணக்கான பொய் விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார். 2011இல் அந்த ஆய்வு வெளிவந்தது. அதே கனடாப் படிப்பு, அதே அனுபவம், பெயர் மட்டும் மாற்றம். இங்கிலீஷ் பெயருக்கு வந்த அழைப்பு, சீன, இந்திய, பாகிஸ்தானியப் பெயர்களுக்கு வந்ததைவிட ஏறக்குறைய 40 வீதம் அதிகம். என் மகளுக்கு நான் வைத்தது என் அம்மாவின் பெயர். இங்கிலீஷில் பதினொரு எழுத்து. அவள் சி.பி.ஏ. சோதனை முடித்து வேலை தேடினபோது விண்ணப்பத்தில் அதை மூன்று எழுத்தாக வெட்டியிருந்தாள். பிரின்டரிலிருந்து தாளை எடுத்தது நான்தான். வேறு யாரோ பிள்ளையின் தாள் மாறி வந்துவிட்டது என்று ஒரு கணம் நினைத்தேன்.

வேலை கிடைத்தது. பெரிய அலுவலகம். சேர்ந்த இரண்டாம் கிழமை, கூட வேலை செய்கிறவர் சிரித்துக்கொண்டு, உனக்கு நல்ல காலம், இப்போது உன்னைப் போன்ற ஆட்களைத்தானே தேடுகிறார்கள் என்றாராம். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் இதை அவள் சொன்னபோது மச்சான் வாய் நிறையச் சோற்றோடு, "டைவர்சிட்டியும் ஒரு காரணமாத்தான் இருக்கும், பிள்ளை. அதில பிழையில்லையே" என்றார். அவள் எழும்பிக் கை கழுவிவிட்டாள்.

டைவர்சிட்டி என்று இந்த அலுவலகங்கள் ஆடுகிற கூத்துக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. தை மாதம் தமிழ் மரபுத் திங்கள் என்றால் மகள் சேலை கட்டிக்கொண்டு ரோல்ஸ் கொண்டுபோக வேண்டும். படம் எடுத்துச் சுவரில் போடுவார்கள். சம்பளத்தைத் தீர்மானிக்கிற மேல்மாடிச் சுவரில் வேறு படங்கள். ஆனால் இதற்கும் வேலைக்குச் சமவாய்ப்பு என்ற பழைய சங்கதிக்கும் முடிச்சுப் போடுகிறார்களே, அது என்ன ஞாயம்? 1986இலேயே மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. பெண்கள், பூர்வகுடிகள், மாற்றுத்திறனாளிகள், வெள்ளையரல்லாதார் என்று நாலு வகையினர். ஒன்ராறியோ மாகாணம் 1993இல் தனக்கென ஒன்று கொண்டுவந்து, ஆட்சி மாற, 1995இல் ஒழித்தது. ஒழித்த சட்டத்தின் பெயர் வேலைக் கோட்டா ஒழிப்புச் சட்டம். பழைய சட்டம் கேட்டது இலக்கு, கோட்டா என்பது ஒழித்தவர்கள் சூட்டிய பெயர். சட்டத்துக்குப் பெயர் வைக்கிற கலையில் இந்த மாகாணத்தை அடிக்க ஆளில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குக் கடைசியாக வந்தவன் மருமகன், என் தங்கையின் பெடியன். படிக்க வந்தவன். வெளிநாட்டு மாணவர் வளாகத்துக்கு வெளியே கிழமைக்கு 24 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம் என்பது 2024 நவம்பரிலிருந்து விதி. மின்சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். அடுத்த மாதமே இன்னொரு விதியும் வந்தது. பனிக்காலம் முழுக்க, ஏப்ரல் 15 வரைக்கும், சுரங்க ரயிலில் மின்சைக்கிள் ஏற்றக்கூடாது, பற்றரி தீப்பிடிக்குமாம். பிடிக்கத்தான் பிடிக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பனிக்காலத்தில் ஸ்காபரோவிலிருந்து டவுன்டவுன் மட்டும் அவன் ஓடிக்கொண்டே போகவேண்டும். விக்ரோறியா பார்க் வீதி வரைக்கும் லொறிகளுக்கு இடையில். அதற்குப் பிறகு டான்ஃபோர்த்தில்தான் அவனுக்கென்று ஒரு கீற்று வருகிறது. சைக்கிள்காரர்கள் என்றதும் இந்த நகரத்தில் எல்லோரும் மனதில் நினைக்கிற இறுக்கின காற்சட்டைக்காரர்களில் அவன் சேர்த்தியில்லை. கையுறையைக் கழற்றி ஹீற்றரின் மேல் வைத்துவிட்டு, விரலை மடக்க ஏலாமல், கரண்டியை முஷ்டியால் பிடித்துச் சாப்பிட்டான். மச்சான் அவனுக்கு மீன் போட்டார். பிறகு, "இவன் போறதுக்கு ஒரு பாதை இருக்கத்தான் வேணும்" என்றார். கொஞ்சம் நேரம் கழித்து, "என்ர கடைக்கு முன்னால வேண்டாம்" என்றார்.

சாப்பாடு முடிய, மச்சான் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மகளிடம் நீட்டினார். கட்டடக்காரர் அனுப்பிய டி.எம்.ஐ. கணக்கு. இங்கே கடை வைத்திருக்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்குகிற மூன்று எழுத்து. வாடகை ஒரு பக்கம். கட்டடத்தின் வரி, பராமரிப்பு, காப்புறுதி மூன்றையும் அதற்கு மேலே கடைக்காரரே கட்டவேண்டும். வரி இருக்கிற கட்டடத்துக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். அந்த நிலத்தில் ஆகக்கூடியதாக என்ன எழுப்பலாமோ அதை வைத்து மதிப்புப் போடுவார்கள். இன்னும் கட்டாத இருபது மாடியின் பாரம், கீழே பால் விற்கிறவர் தலையில் இறங்கும்.

மகள் பேனையால் ஒவ்வொரு வரியாகத் தட்டிக்கொண்டு போனாள். ஓரிடத்தில் நின்றாள்.

"மாமா, பின்னுக்கு உங்களுக்குப் பார்க்கிங் இருக்கோ?"

"எங்க இருக்கு? கஸ்டமர் விட்டாலே இழுத்துக்கொண்டு போயிடுவாங்கள். மேல்வீட்டு ஆக்களுக்கு மட்டுமெண்டு போர்ட் போட்டிருக்கு."

"அப்ப அங்க ஸ்னோ வழிச்ச காசு ஏன் உங்கட கணக்கில நிக்குது? பாதி உங்கட தலையில போட்டிருக்கினம்."

மச்சான் கண்ணாடியை மாட்டித் தாளை வாங்கிப் பார்த்தார். பழைய கடிதங்களும் காரில் கிடந்தன. போய் எடுத்துவந்தார். ஏழு வருஷம். ஒவ்வொன்றிலும் அதே வரி. மருமகன் ஃபோனில் கூட்டிச் சொன்ன தொகையைக் கேட்டு என் மனைவி, கடவுளே என்றாள்.

"ஆர் மாமா கட்டடக்காரன்?"

மச்சான் சுவரைப் பார்த்தார். "எங்கட ஆள்தான்" என்றார்.

அன்றிரவே அவள் கடிதம் அடித்துக் கொடுத்தாள். கீழே தன்னுடைய பெயரையும் போட்டாள், பதினொரு எழுத்தும். கடிதம் போய் மூன்று கிழமை, பதில் வரவில்லை. மச்சான் நேற்றும் ஃபோன் எடுத்து லேனைத்தான் திட்டினார்.