புகை வண்டியும் எண்ணெய் வண்டியும்

சங்கரன்கோவிலின் தலபுராணத்தில் ஒரு வழக்கும் அதற்கொரு தீர்ப்பும் அடங்கியிருக்கின்றன. சிவன் பெரியவனா, திருமால் பெரியவனா என்று சங்கன், பதுமன் என்னும் நாக அரசர் இருவர் வாதிட்டனர் என்றும், கோமதியம்மையின் தவத்திற்கிரங்கி இறைவன் சங்கரநாராயணனாகக் காட்சியளித்தான் என்றும் அப்புராணம் கூறுகிறது. ஆண்டுதோறும் ஆடித்தபசுக்குக் கூடும் ஜனசமுத்திரம் அந்தத் தீர்ப்பைக் கண்ணாரக் காணவே கூடுகிறது. இத்தகைய ஊரில் இப்பொழுது வேறொரு வழக்குக் கிளம்பியிருக்கிறது. வாதி, பிரதிவாதி இரு தரப்பாரும் வாலிபர்கள். வழக்கோ, ரெயிலை இழுப்பதில் நீராவி இஞ்சின் உயர்ந்ததா, டீசல் இஞ்சின் உயர்ந்ததா என்பது.

இதைக் கேட்டு நேயர்கள் நகைக்க வேண்டாம். கணினித் திரையில் ரெயில் ஓட்டும் விளையாட்டொன்று உண்டு. சிமுலேட்டர் என்பது அதன் பெயர். டிரைவர் முன்னிருக்கும் கருவிகள் அனைத்தும் திரையில் தோன்றும். பாதையும் கைகாட்டியும் ஸ்டேஷனும் எதிரே வரும். 2001-ம் வருஷத்தில் மைக்ரோஸாப்ட் கம்பெனி வெளியிட்ட இத்தகைய விளையாட்டில் ஆறு பாதைகள் இருந்தன. இங்கிலாந்துக்கு ஒன்று, ஆஸ்திரியாவுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் இவ்விரண்டு. உலகத்தின் மிகப் பெரிய ரெயில்வேக்களில் ஒன்றான நம் தேசத்துக்கு ஒரு மைல் கூட இல்லை. நம் வாலிபர்கள் அதற்காகச் சோர்ந்துவிடவில்லை. இந்தியப் பாதைகளையும் இந்திய இஞ்சின்களையும் தாங்களே உருவாக்கி அவ்விளையாட்டில் ஏற்றினார்கள். கூலியின்றிச் செய்த இவ்வுழைப்பை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால், வாதத்தில் அவர்கள் மறந்துவிட்ட ஒரு தரப்பு உண்டு. அதை எடுத்துரைப்பதே நமது நோக்கம்.

முதலில் நீராவிக் கட்சியைக் கேட்போம். நீராவி இஞ்சின் உயிருள்ள பிராணியைப் போன்றது என்பது அவர்கள் வாதம். அது மூச்சு விடுகிறது; தாகம் எடுத்துத் தண்ணீர்க் குழாயடியில் நிற்கிறது; ஏற்றத்தில் திணறுகிறது; இறக்கத்தில் பாடுகிறது. அதன் சக்கரமும் தண்டுகளும் வேலை செய்வதைக் குழந்தையும் கண்ணால் கண்டு அறிந்துகொள்ளும். டீசல் இஞ்சினோ மூடிய பெட்டி. உள்ளே நடப்பது யாருக்கும் தெரியாது. செங்கோட்டையிலிருந்து பகவதிபுரம் கடந்து, ஆரியங்காவுக் குகைக்குள் நுழைந்து, கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலத்தின் மீது புகை கக்கிச் சென்ற வண்டியின் கம்பீரத்தை எந்த டீசல் வண்டி தரக்கூடும் என்று கேட்கிறார்கள். இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. சிறு பிராயத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணில் கரித்தூள் விழுந்து அழுத நமக்கே, அந்த ஊதல் ஓசையை நினைத்தால் நெஞ்சு நெகிழத்தான் செய்கிறது.

டீசல் கட்சியின் வாதமும் இலேசானதன்று. நீராவி இஞ்சினில் எரிக்கும் கரியின் சக்தியில் 100-க்கு 6 முதல் 8 பங்கே வண்டியை இழுக்கப் பயன்படும். எஞ்சியது புகையாகவும் சூடாகவும் வீணாகிவிடும். டீசல் இஞ்சினில் 100-க்கு 30 பங்கும் அதற்கு மேலும் பயன்படுகிறது. நீராவி இஞ்சின் புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்னதாகவே நெருப்பு மூட்டியாக வேண்டும். சாம்பல் அள்ள வேண்டும். பாய்லரைக் குறித்த காலத்தில் கழுவ வேண்டும். டீசல் இஞ்சினைச் சில நிமிஷங்களில் கிளப்பிவிடலாம். மேலும், தென்கோடியில் இருக்கும் நமக்குக் கரி ஏது? ராணிகஞ்சும் ஜாரியாவும் வெகு தொலைவில் கிடக்கின்றன. சிங்கரேணியும் அருகில் இல்லை. கரியை இழுப்பதற்கே கரியை எரித்த காலம் அது. ஆகவே டீசல் வந்தது அவசியத்தினால்தான்.

ஸ்வதேசி என்னும் அளவுகோலால் அளந்து பார்ப்போரும் உண்டு. நீராவி அன்னியனுடையது, டீசல் நம்முடையது என்று அவர்களிற் சிலர் சொல்கிறார்கள். இது சரித்திரம் அறியாத பேச்சு. அன்னிய ஆட்சியில் ஜமால்பூரிலும் ஆஜ்மீரிலும் நம் தொழிலாளர் இஞ்சின் செய்து காட்டியும், அங்கே உண்டானவை சில நூறுகளே. பிரிட்டனிலிருந்து வந்திறங்கியவை பல்லாயிரம். இது நமது கைத்திறமைக் குறைவன்று, சர்க்காரின் மனக்குறைவு. சுதந்திரம் வந்த பின் தேசபந்துவின் பெயர் தாங்கிய சித்தரஞ்சனில் 1950-ம் வருஷம் முதல் இஞ்சின் வெளிவந்தது. மீட்டர் பாதைகளில் ஓடிய ஒய்.பி., ஒய்.ஜி. வகை இஞ்சின்களை ஜாம்ஷெட்பூரில் ஏராளமாகச் செய்தோம். ஆக, நீராவியும் நம்முடையதாயிற்று. டீசலோ முதலில் அன்னிய தேசங்களிலிருந்து வந்தது. 1964-ல்தான் காசியில் செய்யத் தொடங்கினோம். அதற்கு வேண்டிய எண்ணெயில் பெரும்பகுதியை இன்றும் அன்னிய தேசங்களிடமே வாங்குகிறோம். ஆகவே ஸ்வதேசிக் கொடியை எவ்விஞ்சினும் தனக்கே சொந்தமென்று பறக்கவிட முடியாது.

நீலகிரியில் இவ்வழக்குக்கு நம் கண்முன்னே ஒரு சமரசம் நடந்துகொண்டிருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையில், பல் சக்கரம் பூட்டிய நீராவி இஞ்சின் வண்டியைப் பின்னாலிருந்து மலைமேல் தள்ளுகிறது. குன்னூரிலிருந்து உதகை வரையில் டீசல் இஞ்சின் இழுத்துச் செல்கிறது. ஒரே வண்டிக்கு இருவரும் பணி செய்கிறார்கள்! 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பெற்றது இப்பாதை. இதற்கென்று புதிய நீராவி இஞ்சின்களைத் திருச்சிப் பொன்மலைத் தொழிற்சாலை செய்து கொடுத்தது. 2011-ல் எண்ணெயால் எரிவதும், 2021-ல் கரியால் எரிவதும் வெளிவந்தன. டீசல் இஞ்சின்களைப் பழுது பார்க்கும் அதே தொழிற்சாலைதான் இதையும் செய்தது. சங்கரநாராயணர் சந்நிதியில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

ஆனால் பொன்மலையின் பெயரைச் சொன்னவுடன் வேறொன்றும் நினைவுக்கு வரவேண்டும். 1928-ல் தென்னிந்திய ரெயில்வேயின் பெரும் வேலைநிறுத்தம் அங்கே மூண்டது. சிங்காரவேலர் முதலியோர் சிறை புகுந்தனர். 1946 செப்டம்பர் 5-ந் தேதி அங்கே துப்பாக்கி வெடித்தது. ஐந்து தொழிலாளர் மாண்டனர். 1974 மே மாதத்தில் தேசமெங்கும் ரெயில்வேத் தொழிலாளர் இருபது நாட்கள் வரையில் வேலைநிறுத்தம் செய்தபோது, எட்டு மணி நேர வேலை அவர்களது முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. எட்டு மணி! இஞ்சினில் நின்றவர்களின் வேலை நேரம் அதற்கு முன் பல சமயம் எட்டு மணியைக் கடந்து நீண்டது. சித்திரை வெயிலில் விருதுநகரின் கரிசல் காட்டைக் கடக்கும் இஞ்சினில், முன்னே நெருப்பறை, மேலே சூரியன், நடுவே கரி அள்ளிப் போடும் பயர்மேன். நாம் ஜன்னலோரத்தில் ரஸித்த புகை, அவர் நெஞ்சுக்குள் சென்ற புகை. நாம் கேட்டு மகிழ்ந்த ஊதல், அவர் தூக்கம் கெட்ட இரவுகளின் ஊதல்.

வாலிபர்களின் வாதத்தில் விடுபட்ட தரப்பு இதுவே. மேற்சொன்ன 2001-ம் வருஷ விளையாட்டில் நீராவி இஞ்சினை ஓட்டுபவர் விரும்பினாலொழியக் கரி அள்ள வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத பயர்மேன் ஒருவன் தானே போட்டுக்கொள்வான். விளையாட்டுக்கு இது வசதியாயிருக்கலாம். ஆனால் நமது நினைவும் அப்படியே வேலை செய்கிறதே என்பதுதான் நம் வருத்தம். புகை நினைவிருக்கிறது, பாலம் நினைவிருக்கிறது; கரி அள்ளியவன் மட்டும் கண்ணுக்குத் தெரியாதவனாகிவிட்டான். மகாத்மா காந்தி 1917-ல் மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளின் அவதியை எழுதி வெளியிட்டாரே, அந்த அவதியும் நமது நினைவிலிருந்து கழன்றுவிட்டது. இன்பத்தை மட்டும் பொறுக்கியெடுத்துத் துன்பத்தைத் தள்ளிவிடும் நினைவைச் சரித்திரம் என்று சொல்லத் தகுமா? டீசல் கட்சியினரும் இதில் குற்றமற்றவர்களல்லர். டீசல் வந்தபோது பயர்மேனின் கையிலிருந்து கரி போயிற்று. அவர் உதவி டிரைவர் ஆனார். அந்த மாறுதலை அவர் எப்படிக் கற்றார், எதை இழந்தார், எதைப் பெற்றார் என்று யாரேனும் கேட்டதுண்டா?

இக்கேள்விக்கு அவசரம் உண்டு. சங்கரன்கோவில் வழியாக விருதுநகர்–தென்காசி மீட்டர் பாதை 1927-ல் திறக்கப்பெற்றது. 2004-க்குள் அது அகலப்பாதையாயிற்று. செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் 1904 முதல் ஓடிய மீட்டர் வண்டி 2010-ல் நின்றது. 2018-ல் அகலப்பாதை வந்தது. தேசத்தில் அகலப்பாதையின் நித்திய நீராவி வண்டி 1995 டிசம்பரிலும், மீட்டர் பாதையினது 2000 பிப்ரவரியிலும் விடைபெற்றன. இப்பொழுது நம் ஊர்ப் பாதையின் மீதே மின்சாரக் கம்பி ஓடுகிறது. டீசலும் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டது. வாதமிடும் வாலிபர்களில் பலர் பிறக்கும்போதே, அவர்கள் வாதிடும் பாதி வழக்கு முடிந்துபோயிருந்தது. தண்டவாளம் பெயர்க்கப்பட்டது, தண்ணீர்க் குழாய்கள் போயின. எஞ்சியிருப்பவர் அந்த இஞ்சின்களை ஓட்டிய மனிதர்களே. அவர்களும் எழுபதும் எண்பதும் கடந்து, செங்கோட்டையிலும் மதுரையிலும் விருதுநகரிலும் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். கோர்ட்டில் பழகிய எவரும் அறிந்த விஷயம் இது: பத்திரம் தொலைந்தால் நகல் தேடலாம், சாட்சி மறைந்தால் வழக்கே மறைந்தது.

ஆகவே வாலிபர்களுக்கு நாம் சொல்லும் யோசனை ஒன்றுண்டு. சிமுலேட்டரைக் கைவிட வேண்டாம். அதைச் சரியானபடி உபயோகியுங்கள். ரெயில்வே இலாகாவே டிரைவர்களைப் பயிற்றுவிக்கச் சிமுலேட்டரைக் கையாள்கிறது. ஆகவே அது வெறும் பொழுதுபோக்கன்று. பெயர்த்தெடுத்த மீட்டர் பாதையில் இனி வண்டி ஓடக்கூடிய இடம் உங்கள் திரை ஒன்றே. விருதுநகரிலிருந்து செங்கோட்டை வரையிலான பழைய பாதையை அதில் அமையுங்கள். ஆனால் படங்களை மட்டும் பார்த்து அமைக்காதீர்கள். முதிய டிரைவரையும் பயர்மேனையும் தேடிச் சென்று கேளுங்கள். எந்த மைலில் கரி அதிகம் கேட்டது, எங்கே தண்ணீர் பிடித்தார்கள், மழைக் காலத்தில் சக்கரம் எங்கே வழுக்கிற்று, கைகாட்டி எவ்வளவு தூரத்தில் தெரிந்தது, எத்தனை மணி நேரம் நின்றபடி உழைத்தார்கள், எத்தனை நாளைக்கொருமுறை வீட்டில் படுத்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் குரலையும் பதிவு செய்யுங்கள். பிறகு அவரையே அழைத்து வந்து திரைமுன் உட்கார்த்தி, சரிதானா என்று கேளுங்கள். உங்கள் வாதத்தை முடித்துவைக்கத் தகுந்த ஜட்ஜ் அவர் ஒருவரே.

ரெயில்வே அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. திருச்சியிலும் சென்னையிலும் ரெயில் காட்சிச்சாலைகள் உள்ளன. இஞ்சின்களுக்கு வர்ணம் பூசிப் பீடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். நன்று. ஆனால் இரும்பைப் பீடத்தில் ஏற்றிவிட்டு அதை ஓட்டியவனைத் திண்ணையில் விடுவது நியாயமாகாது. ஓய்வு பெற்ற இஞ்சின் தொழிலாளரின் வாக்குமூலங்களைச் சேகரித்து, அந்தந்தப் பகுதியின் ஸ்டேஷனில் ஜனங்கள் கேட்கும்படி வைப்பதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் ஆகாது. செங்கோட்டையில் இதைத் தொடங்குவது பொருத்தமாயிருக்கும்.

நீராவி பெரிதா, டீசல் பெரிதா என்ற கேள்விக்கு நமது தீர்ப்பை நேயர்கள் எதிர்பார்க்கக்கூடும். இரண்டையும் ஓட்டிய கை ஒன்றே. அந்தக் கையே பெரிது. அந்தக் கைகளிற் சில இன்னும் நம் நடுவில் இருக்கின்றன. அடுத்த ஆடித்தபசுக்குள் நம் ஊர் வாலிபர் பத்துப் பேராவது ஒரு முதியவரின் வீட்டுக் கதவைத் தட்டுவார்களாக.