எழுத்துருவில் தொலைந்த ஒலிகள்

கருத்தரங்கப் பருவம் தொடங்கிவிட்டது. தை பிறந்தது முதல் பங்குனி முடியும்வரை நம் புலனக் குழுக்கள் அழைப்பிதழ்களால் நிறையும். பன்னாட்டுக் கருத்தரங்கம், பதிவுக் கட்டணம், கட்டுரை அனுப்ப இறுதி நாள், ஐஎஸ்பிஎன் எண்ணுடன் கட்டுரைத் தொகுதி, நண்பகல் உணவு, சான்றிதழ். இவற்றுக்கு நடுவே பலரும் படிக்காமலே கடந்து செல்லும் ஒரு வரி உண்டு. கட்டுரை இன்ன பழைய எழுத்துருவில், இன்ன அளவில், ஐந்து பக்கத்துக்கு மிகாமல் அமைதல் வேண்டும் என்பது அது. அவ்வரியைப் பற்றியும், அதன் பின்னுள்ள பழக்கங்களைப் பற்றியும் சில சொல்ல விரும்புகிறேன். தமிழ்த்துறைகளில் பணியாற்றுவோர் இப்பதிவைச் சற்றுப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

மொழியியல் மாணவனுக்கு இது ஏன் உயிர்ப்பான சிக்கல் என்பதை ஒரே சொல்லால் விளக்கலாம். நெல்லை, குமரி வட்டாரங்களில் 'சோலி' என்றால் வேலை, காரியம். மலையாளத்தில் வேலைக்கு 'ஜோலி' என்பர். மூணாறுத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழர்களின் முன்னோர் பலர் தென்மாவட்டங்களிலிருந்து மலையேறியவர்கள். அவர்தம் பேரப்பிள்ளைகள் மலையாளம் படித்து வளர்கிறார்கள். அங்கே ஒருவர் வேலையைக் குறித்துப் பேசும்போது அவர் வாயில் வருவது ஊரிலிருந்து கொண்டுவந்த சொல்லா, கேரளத்தில் கற்ற சொல்லா, இரண்டும் கலந்த மூன்றாவதா என்பது என் ஆய்வில் ஒரு சிறு கேள்வி. விடை முதல் ஒலியில் இருக்கிறது. ஆனால் நம் 'ச' எழுத்து ஒன்றே இருவேறு ஒலிகளைக் குறிக்கும்: 'சட்டை' என்பதன் உரசொலியையும் 'பச்சை' என்பதன் தடையொலியையும். தோட்டத்தில் மொழிமுதலில் இவ்விரண்டும் கேட்கும். அவற்றோடு ஒலிப்புடைய 'ஜ'வும் கேட்கும். மூன்றையும் பிரித்துக் காட்டப் பன்னாட்டு ஒலிக்குறிகள் இன்றியமையாதவை.

இக்குறிகளை இட்டு ஒருங்குறியில் எழுதிய கட்டுரையை ஒரு கருத்தரங்கத்துக்கு அனுப்பினேன். பெயர் வேண்டா. தொகுதி அச்சாகி வந்தது. தட்டச்சு செய்தவர் முழுக் கட்டுரையையும் பாமினிக்கு மாற்றியிருந்தார். பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஒட்டிவைத்தவை. 'தமிழ்' என்று திரையில் தெரிவது கணினியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. ஆகவே என் ஒலிக்குறிகளுள் ஆங்கில வடிவத்தில் இருந்தவை தமிழ் எழுத்துகளாயின. ஏனையவை வெற்றுக் கட்டங்களாயின. 'சோலி'யின் முதலொலி மூவகைப்படும் என்று நான் எழுதிய வரி அச்சில் இப்படி நிற்கிறது: முதல் வகை 'ள', இரண்டாம் வகை 'வ'வும் ஒரு கட்டமும், மூன்றாம் வகை 'ன'வும் ஒரு கட்டமும். இலக்கணம் அறிந்த ஒருவர் அதைப் படித்தால் மொழிமுதலில் ளகரமும் னகரமும் வரலாம் என்று கருதும் ஆய்வாளன் யார் என்று என் பெயரைத் தேடுவார். தொகுதியில் என் பெயர் மட்டும் பிழையின்றி இருக்கிறது.

இது தனிமனித வருத்தமாயின் இங்கே எழுதியிரேன். இருளர் மொழியின் நடுவுயிர்களைக் குறித்துக் கமில் சுவெலபில் 1973 முதல் பகுதி பகுதியாக நூல் வெளியிட்டார். அட்டப்பாடியிலும் நீலகிரியிலும் வழங்கும் அம்மொழியைப் பற்றி இன்று ஒரு தமிழ் மாணவர் நம் கருத்தரங்கத் தொகுதியில் எழுதினால், அந்த உயிரொலிகளுக்கு என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள். இடுக்கியின் முதுவர், மன்னான் பேச்சுகளுக்கும் இதே கதிதான். எழுத்து மரபில்லாத மொழிக்கு அச்சேறும் ஒலிக்குறியே முதல் ஆவணம். அதைக் கட்டமாக்கிவிட்டு ஐஎஸ்பிஎன் வாங்கி என்ன பயன்?

வியப்பு என்னவெனில், இச்சிக்கலுக்குத் தீர்வு கண்டவர்களும் தமிழர்களே. அதுவும் மாநாடுகள் கூட்டித்தான் கண்டார்கள். 1997-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று தமிழ்நெட் மாநாட்டை நடத்தினார். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடியவர்கள் விசைப்பலகைக்குத் தரம் வகுத்தார்கள்; நம்மில் பலர் கைப்பேசியில் இன்றும் தட்டும் தமிழ்99 அங்குதான் வடிவம் பெற்றது. 2000-இல் உத்தமம் அமைப்பு தோன்றியது. தமிழ் எழுத்துகள் ஒருங்குறியின் 1991-ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டன. 2010-இல் தமிழ்நாட்டரசும் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. பொறியாளர்கள் தம் கடமையை முடித்துப் பல்லாண்டுகள் ஆகின்றன. தமிழ்த்துறைகளாகிய நாம்தான் அச்சகத்தின் பேஜ்மேக்கருக்கு ஏற்ப நம் எழுத்தை வளைத்துக்கொண்டிருக்கிறோம். அச்சகத்தாரைக் குறை கூறுவது அறமன்று. நூறு கட்டுரைகளை ஒரு வாரத்தில் நூலாக்கித் தரச் சொன்னால், கைக்குப் பழகிய கருவியைத்தான் எவரும் எடுப்பர்.

ஏன் ஒரு வாரத்தில் நூறு கட்டுரைகள்? விடை நம் பணிவாழ்வின் கணக்கில் உள்ளது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிகள், ஆய்வேட்டை அளிக்குமுன் முனைவர்பட்ட மாணவர் இரண்டு கருத்தரங்கக் கட்டுரைகளை வழங்கியிருக்க வேண்டும் என்றன. 2022 நவம்பரில் வந்த விதிகளில் அக்கட்டாயம் இல்லை. பல துறைகளில் பழக்கம் மட்டும் எஞ்சி நிற்கிறது. ஆசிரியர்களுக்கோ 2018 விதிகளின் மதிப்பெண் அட்டவணை: வெளிநாட்டில் நடக்கும் பன்னாட்டுக் கருத்தரங்கத்துக்கு 7, உள்நாட்டில் நடக்கும் பன்னாட்டுக் கருத்தரங்கத்துக்கு 5, தேசிய அளவினதற்கு 3, மாநில அளவினதற்கு 2. இவ்வரிசையைப் பார்த்த பின் எந்தக் கல்லூரி மாநிலக் கருத்தரங்கம் நடத்தும்? மலேசியாவிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஓர் அறிஞர் திரையில் தோன்றி வாழ்த்தினால் இரண்டு 5 ஆகிவிடுகிறது. ஐஎஸ்பிஎன் எண்ணும் இவ்வாறே ஒரு மந்திரமாகிவிட்டது. அது நூலை அடையாளம் காட்டும் எண் மட்டுமே. நம் நாட்டில் இலவசமாகக் கிடைப்பது. உள்ளே என்ன இருக்கிறது என்று எவரும் படித்துப் பார்த்து வழங்குவதன்று.

இக்கணக்கில் எல்லைப்புறத்து மாணவனுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பேருந்தேறினால் கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சி வெகு அருகில். ஆயினும் கருத்தரங்க மேடையில் நான் 'அண்டை மாநிலத்துப் பேராளர்'. அறிக்கையில் மாநிலங்களின் எண்ணிக்கை ஒன்று கூடும். ஊர் திரும்பினால் நான் மொழிச் சிறுபான்மையினன். எனக்கு இதில் குறையொன்றுமில்லை. மாநிலங்களின் வரைகோடு 1956 நவம்பர் 1-இல் விழுந்தது, பேச்சின் வரைகோடு எங்கே விழுந்தது என்பதே என் தொழில். பாலக்காட்டுக் கிழக்கிலிருந்து மறையூருக்குக் களப்பணிக்குச் செல்லப் பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு வழியே இருமுறை மாநில எல்லை கடக்க வேண்டும். பயணம் முழுதும் பேருந்தில் கேட்கும் பேச்சு எங்கே மாறுகிறது என்று குறித்துக்கொண்டே செல்வேன். சோதனைச்சாவடியில் மாறியதாக ஒருமுறையும் குறித்ததில்லை.

மூணாற்று நண்பர்களின் பயணம் இதனினும் கடினம். 1924 வெள்ளம் அடித்துச் செல்லும்வரை அங்கே ஒரு சிறு ரயில் ஓடியது. இன்று தமிழ்நாட்டுப் பக்கம் அவர்களுக்கு அண்மை நிலையம் போடிநாயக்கனூர், அதுவும் அகலப்பாதையாகி 2023 ஜூனில்தான் திரும்பக் கிடைத்தது. போடிமெட்டுக் கொண்டையூசி வளைவுகளில் இறங்கி, தேனி, மதுரை வழியே தஞ்சையோ திருச்சியோ சேர ஒரு பகல் போய்விடும். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் தேறாத முனைவர்பட்ட மாணவருக்கு மாதம் 8,000 ரூபாய் உதவித்தொகை. பல மாநிலப் பல்கலைக்கழகங்களில் அதுவும் உறுதியில்லை. பதிவுக் கட்டணம், பயணம், தங்குமிடம் போக மிச்சமுள்ளது பத்து நிமிடம். தொடக்கவிழா பொன்னாடைகளால் நீண்டுவிட்டால் ஐந்து. எதிரே அமர்ந்திருப்போர் அடுத்துப் படிக்கப்போகும் கட்டுரையாளர்கள். படித்தவர்கள் சான்றிதழ் வரிசைக்குச் சென்றிருப்பார்கள்.

பத்து நிமிடத்தில் எதைச் சொல்வது? 2015 செப்டம்பரில் மூணாறுப் பெண் தொழிலாளர்கள் போனசுக்காகத் தெருவில் இறங்கியபோது அவர்களின் அணிக்கு வழங்கிய பெயர் 'பொம்பிளை ஒருமை'. முதற்சொல் தமிழ்ப் பேச்சுவழக்கு. இரண்டாம் சொல்லை மலையாளி ஒற்றுமை என்று கேட்பார். பள்ளித் தமிழ் படித்தவர் ஒருமை பன்மை என்று கேட்பார். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து நின்ற கூட்டத்துக்கு ஒருமை என்று பெயர். இந்த இரண்டு சொற்களை விளக்கவே எனக்கு அரைமணி நேரம் வேண்டும்.

நேரில் கூடுவதால் பயனில்லை என்று சொல்ல வரவில்லை. ஒருமுறை நண்பகல் உணவு வரிசையில் நின்ற ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், "தம்பி, எங்கம்மா சோலின்னு சொல்லும்போது அந்தச் சகரம் நீங்க சொன்ன மாதிரி இருக்காது" என்று சொல்லிக் காட்டினார். மேடையில் கிடைக்காத ஒரு தரவு சாம்பார் வாளிக்கருகே கிடைத்தது. அதற்காக எத்தனை மணி நேரமும் பயணம் செய்யலாம். அத்தகைய உரையாடலுக்கு நிகழ்ச்சி நிரலில் இடமில்லை என்பதே என் முறையீடு.

பெருந்தொற்றுக் காலத்தில் இணையவழிக் கருத்தரங்குகள் பெருகின. இன்று அவை குறைந்துவிட்டன. அவற்றை மீட்கவேண்டும் என்போர் பலர். நானும் அவர்களுள் ஒருவன், ஒரு தயக்கத்துடன். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து 70 தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர் மாண்டனர். மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றிருந்தமையால் மறுநாட் காலையில்தான் செய்தி வெளியே வந்தது. இணையம் வந்துவிட்டது, இனித் தொலைவு இல்லை என்று நாம் திரைகளில் பேசிக்கொண்டிருந்த அதே மாதம் அது. ஆதலால் இணையவழியே போதும் என்று ஒருபோதும் சொல்லேன். நேரில் வர இயலாதவர்க்கு ஓர் அறையிலேனும் இணைப்பு, இணைப்பும் இல்லாதவர்க்கு முன்கூட்டிப் பதிவுசெய்து அனுப்பும் உரிமை: இதற்கு ஒரு மடிக்கணினியும் பொறுப்பான ஒரு மாணவரும் போதும்.

தொழில்நுட்பத்தைப் பற்றி இன்னொன்று. களத்தில் பதிந்த ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்கப் பத்து மணி நேரம் எளிதில் செலவாகும். எலான், பிராட் முதலிய இலவச மென்பொருள்கள் துணைநிற்கின்றன. கேட்கும் காது நம்முடையது. இப்போது தானியங்கி எழுத்தாக்கக் கருவிகள் வந்துள்ளன. ஒன்றில் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவரின் பேச்சை இட்டேன். "ஜோலிக்குப் போறேன்" என்றது "ஜாலிக்குப் போறேன்" என்று வந்தது. சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றது. இயந்திரம் எதைப் படித்ததோ அதையே எழுதும். எல்லைப்புறப் பேச்சு அதற்குக் கிடைக்கும் வழி, நாம் ஒழுங்காக எழுதிவைக்கும் தரவுதான். நம் தொகுதிகளோ கணினிக்கு ஜே, கே, பி, ஓ என்று தெரியும் பக்கங்கள். தேடினால் அகப்படா; படியெடுத்தால் படிக்க வாரா.

1966-இல் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் மாநாட்டின் கட்டுரைத் தொகுதிகளை நாம் இன்றும் மேற்கோள் காட்டுகிறோம். நம் தொகுதிகளில் எவற்றை அடுத்த தலைமுறை திறந்து பார்க்கும் என்று துறைத்தலைவர்களிடம் பணிவுடன் கேட்கிறேன். நான் வேண்டுவது பெரிதன்று. ஒருங்குறியில் கட்டுரை ஏற்றுக்கொள்ளுங்கள். ஒலிக்குறி உள்ள பக்கங்களை அச்சுக்கு முன் கட்டுரையாளருக்கு ஒருமுறை அனுப்புங்கள். நூறு பேரை அழைப்பதற்கு மாறாக முப்பது பேரை அழைத்து இருபது நிமிடம் கொடுங்கள். கட்டண வருவாய் குறையும், அறிவேன். தொகுதியின் மின்வடிவைக் கல்லூரித் தளத்தில் இடுங்கள்.

இப்பருவத்தில் ஒருங்குறிக் கட்டுரைகளை ஏற்கும் கருத்தரங்குகளின் பட்டியலொன்றைத் தொகுக்கத் தொடங்கியுள்ளேன். இதுவரை நான்கு சேர்ந்துள்ளன. நீங்கள் அறிந்தவை இருப்பின் அழைப்பிதழுடன் உட்பெட்டியில் அனுப்புங்கள். மாசி முதல் வாரத்தில் பட்டியலை இங்கேயே வெளியிடுவேன்.