சாய்வும் படித்திறனும்: ஒரு கலைச்சொல் நோக்கு

நேர்கோட்டுச் சார்பின் மாறுவீதத்தைத் தமிழகப் பாடநூல்கள் ‘சாய்வு’ என்றும் இலங்கைப் பாடநூல்கள் ‘படித்திறன்’ என்றும் வழங்குகின்றன. முன்னது கோட்டின் தோற்றத்தைச் சுட்டுகிறது. பின்னது ‘படி’ என்னும் சொல்லால் படிப்படியான மாற்றத்தை உணர்த்துகிறது. ஒரு சார்பு, 0, 1, 2 என்னும் உள்ளீடுகளுக்கு முறையே 10, 12, 14 எனத் தொடரும் அட்டவணையாகவும், மற்றொன்று ‘உள்ளீட்டின் மும்மடங்குடன் 2’ என்னும் விதியாகவும் தரப்பட்டால், ஒப்பிடும் நடுநிலை வகுப்பு மாணவர் முன் சாய்ந்த கோடு ஏதுமில்லை. படிக்கு 2, படிக்கு 3 என்னும் ஏற்றமே உண்டு. உள்ளீடு 8 ஆகும்போது இரண்டும் 26 எனச் சமமாகி, பின்னர் இரண்டாவது முந்துவதும் அதனாலேயே. வரைபடத்திலும் அச்சின் அளவுத்திட்டம் மாறினால் கோட்டின் சரிவு வேறாகத் தோன்றும், மாறுவீதம் மாறாது. ஆதலின், ‘சாய்வு’ என்பதைக் கைவிடாமலே ‘படித்திறன்’ என்பதையும் தமிழகப் பாடநூல்கள் உடன்வழங்குதல் தகும்.