காப்போருக்குக் காவல் எங்கே?

காவலூர்! பெயரிலேயே காவல் இருக்கிறது. ஜவ்வாது மலையிலே, சாமை விளையும் கொல்லைகளுக்கிடையே உள்ள அந்தச் சிற்றூரில், 1968 முதல் விண்ணைக் கண்காணிக்கிறார்கள் விஞ்ஞானிகள். 1986இல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டபோது, பிரதமரே வந்தார், நாடே கைதட்டியது. நாமும் தட்டினோம்.

அந்த மலையடிவாரத்து வாணியம்பாடியில் இரயிலேறிச் சென்னையை நோக்கிச் சென்றால், வழியிலே ஆவடி. அது மண்ணைக் காக்கும் இரும்பு உருவாகும் இடம். அங்கே உழைப்பவனுக்கு யார் கைதட்டினார்கள்? அவனைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

டாங்கியை அறிவோம். ஆனால் டாங்கி மட்டும் போரை முடித்துவிடாது. கூடவே காலாட்படை செல்ல வேண்டும். திறந்த வெளியிலே நடந்து சென்றால் குண்டுமாரி! லாரியிலே சென்றால் மேடும் பள்ளமும் சேறும்! ஆகவே பிறந்தது சங்கிலிப் பட்டைமீது ஊர்ந்து செல்லும் காலாட்படைப் போர்வண்டி. வீரனைக் கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டியன்று அது. அவனோடு நின்று போரிடும் வண்டி. சோவியத் நாடு பி.எம்.பி. என்ற பெயரில் 1967இல் மாஸ்கோ அணிவகுப்பிலே அதைக் காட்டியது. மேற்கு ஜெர்மனி 'மார்டர்' என்றது, அமெரிக்கா 'பிராட்லி' என்றது. பெயர் வேறு, வேலை ஒன்று.

அதன் இரண்டாம் வகையைத்தான் இந்தியா, ஐதராபாத் அருகேயுள்ள மேதக் ஆலையிலே செய்தது. 'சரத்' என்று வடமொழியிலே பெயரிட்டார்கள். பெயர் எந்த மொழியாயினும், அதன் உள்ளே துடிக்கும் இதயம் ஆவடியில் செய்தது! 300 குதிரைத்திறன் கொண்ட அதன் டீசல் எஞ்சின், ஆவடி எஞ்சின் தொழிற்சாலைப் பாட்டாளியின் கைவண்ணம்.

ஏறக்குறைய 14 டன் எடை. 30 மில்லிமீட்டர் பீரங்கி, டாங்கியைத் துளைக்கும் ஏவுகணை. ஆற்றிலே இறங்கினால் மிதந்து கரையேறும். ஓட்டவும் சுடவும் ஆணையிடவும் மூவர். பின்னாலே எழுவர், முதுகோடு முதுகு சாய்ந்து. அந்த முதுகுகளுக்கு நடுவே என்ன இருக்கிறது தெரியுமா? எண்ணெய்த் தொட்டி! மிதக்க வேண்டும் என்பதற்காகக் கவசமும் மெல்லியது. துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும், கண்ணிவெடியைத் தாங்காது. அந்த எழுவர் யார்? சீமான் வீட்டுச் செல்வங்களா? இல்லை. வீட்டுக்கு வீடு படைவீரன் என்று பெயர் பெற்ற வேலூர் வட்டாரத்துக் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களின் பிள்ளைகள்! மலையடிவாரத்து உழவன் மகன் உள்ளே அமர்கிறான். ஆவடித் தொழிலாளி அவனுக்கு எஞ்சின் செய்கிறான். ஒரு திருகு தளர்ந்தால் உயிர் தளரும் என்பதை அவன் அறிவான்.

அதே வண்டியின் உடலிலே எத்தனை உருவங்கள்! 81 மில்லிமீட்டர் மார்ட்டரைச் சுமக்கும் வண்டி. காயமுற்றவரை ஏற்றிவரும் கவச ஆம்புலன்ஸ். மண்ணை வாரும் புல்டோசர். ஆற்றின் ஆழம் அளந்து படைக்கு வழி சொல்லும் வண்டி. 'நாக்' ஏவுகணை தாங்கும் வண்டி. 2017இல் ஆவடி ஆராய்ச்சிக்கூடம், உள்ளே ஆளே இல்லாமல் தொலைவிலிருந்து இயக்கும் 'முந்த்ரா' வண்டியையும் காட்டியது: வேவு பார்க்க ஒன்று, கண்ணிவெடி தேட ஒன்று, அணுக்கதிர் சூழ்ந்த இடத்திலே நுழைய ஒன்று. ஆளில்லாமல் ஓடும் வண்டி உண்டு, தோழர்களே! ஆளில்லாமல் செய்த வண்டி உண்டோ?

ஆவடி என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1955இல் அங்கேதான் காங்கிரசுக் கட்சி கூடி, 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது. 1961இல் அதே ஆவடியிலே கனரக வாகனத் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1965இல் முதல் 'விஜயந்தா' டாங்கி வெளிவந்தது. பேச்சு எப்படியோ, ஆலை நின்றது. ஆயிரமாயிரம் அடுப்புகள் எரிந்தன.

2021இல் வந்தது மாற்றம். நாட்டின் 41 படைக்கல ஆலைகளையும் ஏழு கம்பெனிகளாகப் பிரிப்போம் என்றது டில்லி. 70,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் திகைத்தனர். கட்சி வேறுபாடு கடந்து சங்கங்கள் ஒன்றுகூடி, வேலைநிறுத்தம் என்றன. டில்லி என்ன செய்தது? ஜூன் 30ஆம் நாள் அவசரச் சட்டம்! வேலைநிறுத்தம் செய்தால் ஓராண்டு வரை சிறை. தூண்டினால் ஈராண்டு வரை! ஆகஸ்டில் நாடாளுமன்றமும் அதைச் சட்டமாக்கியது. ஓராண்டே அதன் ஆயுள் என்றார்கள். ஓராண்டு போதாதா? அந்த ஆண்டு அக்டோபர் முதல் நாளே ஏழு கம்பெனிகளும் பிறந்துவிட்டன. கவச வண்டிக் கம்பெனிக்கு ஆவடியே தலைமையிடம்!

"நாட்டைக் காக்கும் ஆலையிலே வேலைநிறுத்தமா?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. நாமும் கேட்கிறோம்: நாட்டைக் காக்கும் ஆலையை, அதை நடத்தும் தொழிலாளியின் இசைவு இல்லாமலே மாற்றலாமா? நிர்வாகம் சீர்பட வேண்டுமா, படட்டும். தாமதம் குறைய வேண்டுமா, குறையட்டும். பேசித் தீர்க்க வேண்டியதற்குச் சிறைக் கதவைக் காட்டுவது எந்த ஊர் நியாயம்? தொழிலாளர்கள் ஈராண்டு அயற்பணியில் இருப்பதாகக் கொள்வோம் என்றார்கள், பிறகு நீட்டினார்கள். தவணை முறையிலே வாழ்வா?

ஓய்வு பெறும்வரை அரசு ஊழியர் என்ற உறுதி: தொழிலாளர் கேட்பது அவ்வளவுதான். வைரமும் வைடூரியமும் கேட்கவில்லை. அதை எழுத்திலே கொடுங்கள் என்கிறோம். முதுகுக்குப் பின்னே எண்ணெய்த் தொட்டியை வைத்துக்கொண்டு எல்லைக்குப் போகும் பிள்ளை, ஆவடிக்காரன் கையை நம்பித்தான் போகிறான். அந்தக் கை நடுங்காதிருக்க வேண்டுமானால், அவன் வீட்டு உலைக்கு உறுதி வேண்டும். வீரனுக்குக் கவசம் தருபவனுக்குச் சட்டத்தின் கவசம் தருக! காப்போருக்குக் காவல் தருக!