இணையத்தில் சும்மா கிடைக்கிறது. சிடியில் ஏற்றிக் கொடுக்கலாமா?

இடது கண்ணுக்குத் தெரியும் காட்சியும் வலது கண்ணுக்குத் தெரியும் காட்சியும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவே சின்ன வித்தியாசம் உண்டு. அந்த இரண்டையும் தனித்தனிப் படமாக எடுத்து, ஒவ்வொரு கண்ணுக்கும் அதற்குரிய படத்தை மட்டும் காட்டினால் தட்டையான புகைப்படத்துக்கு ஆழம் வந்துவிடும். இதுதான் ஸ்டீரியோ புகைப்படம். பிரிட்டிஷ் விஞ்ஞானி சார்லஸ் வீட்ஸ்டன் இதன் அடிப்படையை 1838-லேயே விளக்கிவிட்டார். 19-ம் நூற்றாண்டில் மேற்கத்திய வீடுகளில் இந்தப் படஅட்டைகள்தான் பெரிய பொழுதுபோக்கு. பிறகு சினிமாவும் டிவியும் வந்தன. ஸ்டீரியோ, ஆர்வலர்களின் கைக்குப் போனது.

1990-களின் கடைசியில் இந்த ஆர்வலர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சொந்தமாக இணையதளம் தொடங்கினார்கள். இரண்டு கேமராக்களை ஒரே கட்டையில் பொருத்துவது எப்படி, சிவப்பு-நீலக் கண்ணாடிக்கு ஏற்ற படம் தயாரிப்பது எப்படி என்று செய்முறைகளையும், தாங்கள் எடுத்த படங்களையும் இலவசமாகப் போட்டார்கள்.

அங்கேதான் ஒரு நல்ல யோசனையும் ஒரு சிக்கலும் சேர்ந்தே பிறக்கின்றன. "இந்தத் தளங்கள் எப்போது வேண்டுமானாலும் காணாமல் போகலாம். எல்லாவற்றையும் ஒரே சிடியில் தொகுத்து ஆர்வலர்களுக்குக் கொடுத்துவிடலாமே?"

பயம் நியாயமானதுதான். லட்சக்கணக்கான தனிநபர் பக்கங்களுக்கு இடம் கொடுத்திருந்த ஜியோசிட்டீஸை 2009 அக்டோபரில் யாஹூ மூடியது. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு அவசர அவசரமாக நகலெடுத்ததால்தான் அதில் ஒரு பகுதியாவது தப்பியது. ஆனால் பயம் நியாயமானது என்பதாலேயே கேட்காமல் எடுத்துக்கொள்ளும் உரிமை வந்துவிடுமா? வராது. வரவும் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

"பக்கத்தில் காப்பிரைட் குறியே இல்லையே" என்பதுதான் முதலில் வரும் வாதம். குறி தேவையில்லை. பெர்ன் உடன்படிக்கையில் உள்ள நாடுகளில், படத்தை எடுத்த நொடியே பதிப்புரிமை எடுத்தவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டியதில்லை. அமெரிக்கா 1989-ல் இதில் சேர்ந்தது. இந்தியாவிலும் இதே நிலைதான். 2012 திருத்தத்துக்குப் பிறகு இங்கே புகைப்படத்துக்கும் எடுத்தவரின் ஆயுள் முழுக்க, அதற்கு மேல் 60 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு.

அடுத்த வாதம்: "நான் விக்கலையே, சிடி செலவை மட்டும்தானே வாங்குறேன்?" லாபம் இல்லாதது சாதகமான விஷயம்தான். ஆனால் அமெரிக்காவின் 'நியாயமான பயன்பாடு' விதி நான்கு அம்சங்களைப் பார்க்கிறது. பயன்பாட்டின் நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, படைப்பின் சந்தைக்கு ஏற்படும் பாதிப்பு. முழுத் தளத்தையும் அப்படியே எடுத்தால் மூன்றாவது அம்சத்திலேயே தடுக்கி விழ வேண்டியிருக்கும்.

"தொகுத்தது என் உழைப்பு" என்பதும் பாதி உண்மை. தேர்விலும் அடுக்கிய விதத்திலும் தொகுப்பாளரின் படைப்புத்திறன் இருந்தால் அதற்கு மட்டும் அவருக்கு உரிமை உண்டு. உள்ளே இருக்கும் படங்கள் அவருடையவை ஆகிவிடாது.

பெரிய நிறுவனங்களே மாட்டிய இடம்

சிடி தொடர்பாக நீதிமன்றம் வரை போன வழக்குகள் உண்டு. நியூயார்க் டைம்ஸ் உள்ளிட்ட நிறுவனங்கள், வெளியிலிருந்து எழுதியவர்களின் கட்டுரைகளைத் தனியாக அனுமதி வாங்காமல் மின்தரவுத்தளங்களிலும் சிடிகளிலும் சேர்த்தன. 2001-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எழுத்தாளர்கள் பக்கம் நின்றது. பத்திரிகையில் அச்சிடக் கொடுத்த அனுமதி, இப்படிப்பட்ட தொகுப்புகளுக்குத் தானாக நீளாது என்றது.

1997-ல் நேஷனல் ஜியாகிரஃபிக் தன் 108 ஆண்டு இதழ்களை 30 சிடிகளில் வெளியிட்டது. புகைப்படக்காரர் ஜெர்ரி கிரீன்பெர்க் வழக்குப் போட்டார். 2001-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகச் சொன்னது. 2008-ல் அதே நீதிமன்றம் நிலையை மாற்றி, பத்திரிகைக்குச் சாதகமாக முடித்தது. அச்சில் இருந்த பக்கங்கள் சிடியிலும் அப்படியே தெரிந்தன என்பது முக்கியக் காரணம்.

இதைப் பார்த்து ஆர்வலர் தெம்படைய வேண்டாம். அங்கே ஜெயித்தது அந்தப் படங்களை முதலில் வெளியிட்ட பத்திரிகை. யாரோ ஒருவர் தளத்தில் இருப்பதை எடுக்கும் மூன்றாவது நபருக்கு அந்தப் பிடிமானமும் கிடையாது. ஒரு தளத்தில் இருக்கும் எல்லாப் படமும் தள உரிமையாளருடையது என்றும் சொல்ல முடியாது. நண்பர் "உன் பக்கத்தில் போட்டுக்கோ" என்று கொடுத்த படமாக இருக்கலாம். அது அந்தப் பக்கத்துக்கான அனுமதி, சிடிக்கானது அல்ல.

சிடிக்கு அழிக்கும் பொத்தான் கிடையாது

சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும் ஒரு நியாயம் மிச்சம் இருக்கிறது. இணையதளம் உரிமையாளரின் கையில் இருக்கிறது. பிடிக்காத படத்தை நாளைக்கே தூக்கலாம். தப்பான செய்முறையைத் திருத்தலாம். குடும்பப் படத்தை மறைக்கலாம். சிடி அப்படியல்ல. 200 பேர் கைக்குப் போன பிறகு "என் மகள் படத்தை எடுத்துடுங்க" என்று ஒருவர் கேட்டால் தொகுப்பாளர் என்ன செய்வார்? வருத்தம் தெரிவிக்கலாம், அவ்வளவுதான். திரும்பப் பெற முடியாத ஒன்றுக்கு முன்கூட்டியே கேட்பதுதான் மரியாதை.

ஸ்டீரியோவில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. இடம்-வலம் ஜோடிப் படத்தைத் தொகுப்பாளர் சிவப்பு-நீலப் படமாக மாற்றினால் அது நகல் மட்டுமல்ல, மாற்றியமைப்பு. அதற்கும் உரிமையாளரின் அனுமதி வேண்டும். தவறுதலாக இடமும் வலமும் மாறிவிட்டால் ஆழமே தலைகீழாகும். முன்னால் இருப்பது பின்னால் போகும். அந்தக் கோளாறுக்குக் கீழே எடுத்தவரின் பெயர் இருக்கும்.

எதைத் தாராளமாகச் சேர்க்கலாம்?

அமெரிக்காவில் வெளியாகி 95 ஆண்டுகள் தாண்டிய பழைய படஅட்டைகளுக்கு அங்கே பதிப்புரிமை இல்லை. 1858-ல் மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் எடுத்த மதுரை ஸ்டீரியோ படங்களும் எப்போதோ பொதுச்சொத்தாகிவிட்டன. அப்படிப்பட்ட படத்தை உள்ளபடியே ஸ்கேன் செய்ததால் மட்டும் புது உரிமை பிறக்காது. பொதுச்சொத்தான ஓவியங்களின் புகைப்படங்களை கோரல் நிறுவனம் சிடியில் விற்ற வழக்கில், 1999-ல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. ஆனால் அந்தப் படங்களுக்குக் கீழே ஆர்வலர் எழுதிய விளக்கம் அவருடையது.

மற்ற தளங்களுக்கு வழி ஒன்றுதான்: கேளுங்கள். எந்தப் பக்கங்கள், எத்தனை பிரதி, என்ன விலை, படத்தை மாற்றுவீர்களா, பெயர் எங்கே வரும் என்று ஒரே மின்னஞ்சலில் தெளிவாகச் சொன்னால் பெரும்பாலான ஆர்வலர்கள் சந்தோஷமாகச் சம்மதிக்க இடமுண்டு. பணத்துக்காகவா அவர்கள் இதையெல்லாம் செய்தார்கள்? பதில் வரவில்லையா? மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சுக்குச் சரி, பதிப்புரிமைக்குச் செல்லாது. அந்தத் தளத்தின் முகவரியையும் இரண்டு வரி அறிமுகத்தையும் மட்டும் சிடியில் போடலாம்.

உரிமையாளர் இறந்திருந்தால், முகவரியே இல்லாவிட்டால்? இங்கேதான் சட்டம் கோட்டை விடுகிறது. பிரிட்டனில் உரிமையாளர் கண்டுபிடிக்க முடியாத படைப்புகளுக்கு 2014 முதல் அரசிடமே உரிமம் வாங்க வழி இருக்கிறது. அமெரிக்காவில் 2008-ல் செனட் நிறைவேற்றிய அப்படியொரு மசோதா சட்டமாகவே இல்லை. கேட்க ஆளில்லாத பக்கங்கள் அழிந்தால் நஷ்டம் எல்லோருக்கும்தான். அந்த ஓட்டையை அரசுகள் அடைக்க வேண்டும். அதற்காக உயிரோடு, ஒரு மின்னஞ்சல் தூரத்தில் இருப்பவரைக் கேட்காமல் தாண்டிப் போகக் கூடாது.

படம் போடுபவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 முதலே இருக்கின்றன. "என் பெயரோடு, வியாபாரம் இல்லாமல், யாரும் நகலெடுக்கலாம்" என்ற நிபந்தனையை இன்றே பக்கத்தின் அடியில் போட்டுவைத்தால், பத்து வருடம் கழித்து யாரும் அவரைத் தேடி அலைய வேண்டியிருக்காது.