ஈரம் காயுமுன்



மார்கழி பிறந்துவிட்டால் போதும், நம் இதழுக்கு வரும் கடிதங்களில் ஒரே கேள்வி பல கையெழுத்துகளில் வந்து சேரும். முகம் கழுவியதும் தோல் இழுத்துப் பிடிக்கிறது, சிரித்தால் வாயோரம் எரிகிறது, கன்னத்தில் வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்கிறது, எந்த க்ரீம் வாங்கலாம்? ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்கள் கேட்பதில் வியப்பில்லை. நாள் முழுக்க ஏசி அறையில் வேலை பார்க்கும் சென்னைத் தோழிகள் சித்திரை வெயிலிலும் இதையே கேட்கிறார்கள்.

ஒரு க்ரீமின் பெயரைச் சொல்லிக் கடிதத்தை முடித்துவிடலாம். ஆனால் உங்கள் முகத்துக்கு ஒத்துக்கொள்வது உங்கள் தங்கைக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அதனால், எந்தக் கடையில் நின்றாலும் நீங்களே பார்த்துத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நம் தோலின் மேற்புறம் 15 முதல் 20 அடுக்குவரை உள்ள இறந்த செல்களால் ஆனது. அதைச் செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். செல்கள் செங்கல். அவற்றுக்கு நடுவே இருக்கும் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் எல்லாம் சாந்து. சாந்து குறைந்தால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி வெளியேறும். வெளியே இருக்கும் தூசியும் சோப்பும் உள்ளே புகுந்து எரிச்சலூட்டும். வறட்சி என்பது இதுதான். வயது ஏற ஏற, குறிப்பாக மாதவிடாய் நின்றபிறகு, தோலில் எண்ணெய் சுரப்பதும் குறைகிறது. அம்மாவின் முகம் முன்பைவிட வறண்டு தெரிவதற்கு இது ஒரு காரணம்.

மாய்ஸ்சரைசர் செய்யும் வேலை மூன்று. முதலாவது, நீரை ஈர்த்து வைப்பது. கிளிசரின், ஹயலூரானிக் அமிலம், யூரியா ஆகியவை இதைச் செய்கின்றன. இரண்டாவது, செல்களின் இடைவெளியை நிரப்பித் தோலை மிருதுவாக்குவது. செராமைடும் ஷியா வெண்ணெயும் ஸ்குவாலேனும் இந்த வகை. மூன்றாவது, மேலே மூடிபோல் நின்று நீர் ஆவியாகாமல் தடுப்பது. இதில் இன்றும் முதலிடம் பெட்ரோலியம் ஜெல்லிக்குத்தான். ராபர்ட் செஸ்ப்ரோ 1872-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அந்தப் பழைய வாசலினைத் தோல் மருத்துவர்கள் இன்னும் கைவிடவில்லை. நல்ல க்ரீம் என்றால் இந்த மூன்று வேலையும் அதில் ஓரளவாவது இருக்க வேண்டும். கிளிசரினை மட்டும் பன்னீரில் கலந்து பூசிக்கொண்டு, மேலே எதுவும் பூசாமல் ஏசி அறையில் உட்கார்ந்தால் சிலருக்கு முகம் முன்பைவிட இறுகுவது இதனால்தான்.

ஆகவே, கடையில் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அது முன்னால் வரும். ஒரு சதவீதத்துக்கும் குறைவானவை கடைசியில் எந்த வரிசையிலும் வரலாம். தண்ணீருக்கு அடுத்த சில பெயர்களுக்குள் கிளிசரின் இருந்தால் நல்ல அறிகுறி. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் பாதாமும் குங்குமப்பூவும் இருந்து, பின்பக்கத்தில் அவை வாசனைப் பொருளுக்கும் பின்னால் இருந்தால், நீங்கள் காசு கொடுப்பது படத்துக்கு. வறண்ட முகம் வாசனைப் பொருளைச் சட்டென்று தாங்காது. வாசனை சேர்க்காததையே கேட்டு வாங்குங்கள். பகலுக்கு லோஷன், இரவுக்குக் கெட்டியான க்ரீம் என்று வைத்துக்கொள்ளலாம். பரு வரும் முகம் என்றால் துளைகளை அடைக்காதது என்று குறிப்பிட்டிருப்பதைப் பாருங்கள். புதிதாக வாங்கியதைக் காதுக்குப் பின்னால் சில நாள் பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோங்கள்.

க்ரீமுக்கு முன்னால் சோப்பைக் கவனிக்க வேண்டும். தோலின் அமில-கார அளவு (பி.எச்.) 5-ஐ ஒட்டி இருக்கும். சாதாரணக் குளியல் சோப்பு 9, 10 என்று காரமாக இருக்கும். அதைக் கொண்டு சுடுதண்ணீரில் நாளைக்கு நாலு தடவை முகம் கழுவினால், எத்தனை விலை உயர்ந்த க்ரீமும் ஈடுகொடுக்காது. மென்மையான ஃபேஸ்வாஷ், வெதுவெதுப்பான தண்ணீர், காலையும் இரவும் ஒருமுறை போதும். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காயுமுன், மூன்று நான்கு நிமிடங்களுக்குள் க்ரீமைப் பூசிவிடுங்கள். கையில் இருக்கும் க்ரீம் சாதாரணமானதாக இருந்தாலும் இந்த ஒரு பழக்கம் அதன் பலனைக் கூட்டும். வெளியே போகும்முன் அதன்மேல் சன்ஸ்க்ரீன்.

நம் வீட்டு வைத்தியத்தையும் சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெய் கை கால் வறட்சிக்கு நன்றாகவே உதவும். முகத்தில் சிலருக்குப் பருவைக் கொண்டுவரும். எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, முல்தானி மட்டி ஆகிய மூன்றும் வறண்ட முகத்துக்கு வேண்டவே வேண்டாம்.

இனி நான் மனம் நொந்து சொல்வது. வறட்சிக்கு க்ரீம் கேட்டால் சிவப்பழகு க்ரீமை எடுத்து நீட்டும் கடைகள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றில் பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபிடசோல் போன்ற ஸ்டீராய்டுகள் இருக்கும். முதல் வாரம் முகம் பளபளக்கும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் தோல் மெலிந்து, சிவப்பு ரத்தக்குழாய்கள் தெரியத் தொடங்கி, பருவும் ரோமமும் வரும். நிறுத்தினால் முகம் தீயாக எரியும். மருத்துவர் சீட்டு இல்லாமல் இத்தகைய ஸ்டீராய்டு க்ரீம்களை விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் விதியை இறுக்கியது. ஆனாலும் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. கல்யாணத்துக்கு நாள் குறித்த பெண்களிடம் இவற்றைப் பரிந்துரைக்கும் அக்காக்களே, தயவுசெய்து நிறுத்துங்கள். ஏற்கெனவே பூசிக்கொண்டிருப்பவர்கள் தோல் மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் முறையில் விடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது.

இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகப் பூசியும் வறட்சி போகவில்லையா? அரிப்பு, வெடிப்பு, நீர்க்கசிவு இருக்கிறதா? வறட்சியோடு சோர்வும் முடி உதிர்வும் எடை கூடுவதும் சேர்ந்திருக்கிறதா? அப்போது க்ரீமை மாற்றிக்கொண்டே இருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு குறைவு, சர்க்கரை, எக்ஸிமா எனக் காரணம் வேறாக இருக்கலாம். பரு மாத்திரைகள்கூட முகத்தைக் காயவைக்கும்.

வீட்டில் எல்லாருக்கும் பார்த்துப் பார்த்து வாங்கும் நீங்கள், உங்கள் முகத்துக்கு மட்டும் டிவி விளம்பரத்தின் பேச்சைக் கேட்டு வாங்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும் க்ரீம்களை எல்லாம் எடுத்துவைத்து, மகளையும் பக்கத்தில் உட்காரவைத்து, பின்பக்கத்தைச் சேர்ந்து படியுங்கள். புரியாத பெயர் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். தோல் மருத்துவரிடம் கேட்டு அடுத்த இதழில் பதில் தருகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்