சிக்கலே வலிமை

சென்ற திங்கள் நம் சங்கத்தில் நடைபெற்ற இலக்கியக் கூட்டத்தின்போது ஒரு சிறு விபத்து நேர்ந்தது. எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தார். அமர்ந்த மறுகணமே அதன் பின்கால் முறிந்து அவர் கீழே விழுந்தார். மணிக்கட்டு வீக்கத்தோடு தப்பினார் என்பது நம் நற்பேறு. “முழு நாற்காலியாகத்தானே தெரிந்தது!” என்று பலரும் வியந்தனர். உண்மையில் அந்நாற்காலி மூன்று கோடைகள் மொட்டை மாடியில் கிடந்தது. அங்கே அதைக் கிடக்க விட்டவர்கள் நாமே. ஆகவே, அது ஏன் முறிந்தது என்பதை அறிந்துகொள்வது நம் கடமையாகிறது.

பிளாஸ்டிக் என்பது மிக நீண்ட மூலக்கூறுகளின் தொகுதி. ஒரே வகைச் சிறு கண்ணிகள் ஆயிரக்கணக்கில் கோக்கப்பட்ட சங்கிலி ஒவ்வொன்றும் ஒரு மூலக்கூறு. 1920-ஆம் ஆண்டில் ஜெர்மானிய ரசாயன அறிஞர் ஹெர்மன் ஸ்டாடிங்கர் இதனைக் கூறியபோது, உடன் பணிபுரிந்த அறிஞர் பலரும் ஏற்கவில்லை. 1953-இல் அவருக்கு நோபல் பரிசு கிட்டியது.

இச்சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதுதான் பிளாஸ்டிக்கின் வலிமைக்கு வேர். நம் வீட்டு இடியாப்பத்தை எண்ணிப் பாருங்கள். நீண்ட இழைகளாகப் பிழிந்த இடியாப்பத்தை ஓரத்தில் பற்றித் தூக்கினால் முழுவதும் உடன் எழுகிறது. அதையே உதிர்த்துத் தாளித்துவிட்டால் கரண்டிக்கு எளிதாக வரும். பற்றித் தூக்க வராது. மாவு ஒன்றே; இழையின் நீளமே வேறு. மூலக்கூறுச் சங்கிலிகளும் அவ்வாறே. ஒரு குறிப்பிட்ட நீளத்துக்குக் குறைந்தவை பின்னிக்கொள்வதில்லை. மெழுகு அத்தகையது, ஆதலால் விரலால் அழுத்தினாலே நொறுங்குகிறது. பால் உறையாகப் பயன்படும் பாலிஎத்திலீனும் ஏறத்தாழ மெழுகின் கண்ணிகளாலேயே ஆனது; சங்கிலி நீண்டிருப்பதால் அது இழுத்தாலும் கிழிய மறுக்கிறது.

ஆனால் வலிமைக்கு விலை உண்டு. பின்னல் ஏற்பட்டபின் சங்கிலியின் நீளம் இருமடங்கானால், உருகிய பாகு ஓடுவதற்குக் காட்டும் தடை ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. அடர்ந்த புதருக்குள் பாம்பு தன் உடல் நெடுக நெளிந்து நெளிந்தே வெளியேற வேண்டியிருப்பதுபோல், ஒரு சங்கிலி மற்றவற்றின் நடுவே ஊர்ந்துதான் செல்ல இயலும். பிரெஞ்சு இயற்பியல் அறிஞர் டி ஜென் இவ்வூர்தலை 1971-இல் கணக்கிட்டுக் காட்டினார்; 1991-இல் நோபல் பரிசும் பெற்றார்.

முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்ட பெரியோர் நம்மிடையே பலர் உள்ளனர். செயற்கை மூட்டின் உலோகப் பகுதிகளுக்கு இடையே வைக்கப்படுவதும் பெரும்பாலும் பாலிஎத்திலீனே. அதன் ஒரு சங்கிலியில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண்ணிகள் இருக்கும். இங்கிலாந்து மருத்துவர் ஜான் சார்ன்லி 1962-இல் இடுப்பு மூட்டுக்கு இப்பொருளைக் கையாண்டார். தேய்மானத்தைத் தாங்கும் இப்பொருள் உருக்கினாலும் ஓடாது. தூளாக இட்டு வெப்பத்தில் அழுத்தியே உருவாக்க வேண்டும். நாற்காலி செய்வோருக்கு இது ஒவ்வாது. பாகு அச்சின் மூலைமுடுக்கெல்லாம் விரைந்து பாய வேண்டும். இருப்பினும் ஆறியபின் ஆளைத் தாங்க வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நீளத்தையே அவர்கள் தேர்கின்றனர்.

இனி நம் நாற்காலிக்கு வருவோம். இத்தகைய நாற்காலிகள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்னும் பொருளால் ஆனவை. அதனுள் சிறு படிகங்கள் நிறைந்துள்ளன. அவற்றைப் பாலமாக இணைத்துப் பிடிப்பவை நீண்டு பின்னிய சங்கிலிகளே. வெயிலின் புற ஊதாக் கதிர்களும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து அச்சங்கிலிகளை இடையிடையே வெட்டிவிடுகின்றன. இதனைத் தடுக்க உற்பத்தியாளர் சேர்க்கும் காப்புப் பொருளும் நாளடைவில் தீர்ந்துபோகிறது. எடை குறைவதில்லை, வடிவம் மாறுவதில்லை. உள்ளே பின்னல் மட்டும் அற்றுப்போகிறது. மேற்பரப்பில் தோன்றும் மயிரிழை வெடிப்பு, பாரம் ஏறியவுடன் உள்நோக்கி ஓடிவிடுகிறது. அம்மையார் அமர்ந்தபோது நேர்ந்தது இதுவே.

எனவே, அன்பர்கள் இன்றே தத்தம் மாடியையும் முற்றத்தையும் ஒருமுறை பார்வையிட வேண்டுகிறோம். நாற்காலியின் மேல் விரலை வைத்துத் தேயுங்கள். வெண்பொடி ஒட்டினால் ஐயுறுங்கள். கால்கள் சேருமிடத்தில் நுண்ணிய வெடிப்புகள் தென்பட்டால் அதனைக் கழித்துவிடுங்கள். ஒட்டுப் போட்டுப் பயன்படுத்த வேண்டாம். அறுந்த சங்கிலி மீண்டும் நீளாது. வீட்டு வேலை செய்பவருக்கோ வாயிற்காவலருக்கோ அதைக் கொடுத்துவிடுவதும் முறையன்று, அவரும் விழக்கூடியவரே. நல்ல நாற்காலிகளை நிழலில் அடுக்கி வையுங்கள்.

நம் சங்கத்தில் எஞ்சியிருந்த நாற்காலிகளைச் சோதித்தோம். ஐயத்துக்கு இடமானவற்றை நீக்கிவிட்டோம். அடுத்த கூட்டத்தில் சிலர் பாயில் அமர நேரலாம். அம்மையாருக்கு மட்டும் தேக்கு நாற்காலி ஒன்று காத்திருக்கிறது.